செம்மேட்டுப்பாளையத்தின் கவிதை நேரம்

செம்மேட்டுப்பாளையத்தில் தறிச்சத்தம் நிற்கிறது என்றால் ஒன்று கரண்ட் போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊர்ப் பெரிய மனிதர் யாராவது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இரண்டுமே நடக்காத ஓர் ஆனி மாதத்துத் திங்கட்கிழமை, பள்ளிக்கூடம் திறந்து புதுப் புத்தகமெல்லாம் கொடுத்து முடித்த மறுவாரம், பிரேயர் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் போன சற்று நேரத்தில், ஊரிலிருந்த அத்தனை விசைத்தறிகளும் ஓடியது ஓடியபடியே இருக்க, ஊடு நூலைச் சுமந்த நாடா இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் பறந்தது பறந்தபடியே இருக்க, துணி விரல் விரலாக வளர்ந்தது வளர்ந்தபடியே இருக்க, சத்தம் மட்டும் இல்லாமல் போனது.

தொட்டிலில் கிடந்த குழந்தைகள்தான் முதலில் கண்டுகொண்டன. தறிச்சத்தத்தில் பிறந்து தறிச்சத்தத்தில் பால் குடித்துத் தறிச்சத்தத்திலேயே கண் அயர்கிற குழந்தைகள் அவை. அது நின்றால் யாரோ உலுக்கிவிட்டதுபோல் விழித்துக்கொள்ளும். அன்றைக்கு ஊரிலிருந்த கைக்குழந்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்து ஒரே நேரத்தில் அழுதன. தாய்மார்கள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள், தறி ஓட்டுகிறவர்கள் பட்டறை வாசலுக்கு வந்தார்கள், டீக்கடை நடராசு கையில் வடிகட்டியோடு ரோட்டுக்கே வந்துவிட்டார். அப்போது அரசுப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பு ஜன்னலிலிருந்து ஒரு பையனின் குரல், எந்தத் தடையும் இல்லாமல், ஊரின் கடைசி வீடுவரைக்கும் வந்து சேர்ந்தது.

ஆள் யாரும் ஏறாத பேருந்து ஒன்று
இரண்டு ஆட்டுக்குட்டிகளை ஏற்றிக்கொண்டு
ஊர் சுற்றிப் பார்க்கப் போனது.
டிக்கெட் கேட்ட கண்டக்டரின் கையை
அவை நக்கிவிட்டன.

அவ்வளவுதான் கவிதை. அது முடிந்ததும் தறிகளுக்குச் சத்தம் திரும்பி வந்தது, குழந்தைகள் நிம்மதியாகத் தூங்கப் போயின, ஊர்க்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டி எட்டுத் தறி போட்டிருந்த சென்னியப்பனுக்கு மட்டும் அது வேறு மாதிரி நடந்தது. அவர் பட்டறைக்குள் நின்றுகொண்டிருந்தபோது சட்டென்று எல்லாம் அடங்கியது. நெஞ்சு பகீரென்றது. போச்சு, இருந்த கொஞ்சநஞ்சக் காதும் போய்விட்டது என்று நினைத்து, வேர்த்துப்போய், சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். வந்து பார்த்தால் எல்லார் முகத்திலும் அதே திகைப்பு. சரி, நமக்கு மட்டுமில்லை என்று அவருக்கு உயிர் திரும்பி வந்தது. அது திரும்பி வந்து நிலைகொள்வதற்குள், ஊரே பள்ளிக்கூடத்துப் பக்கம் தலையைச் சாய்த்து, எதையோ கேட்டு, ஒவ்வொருவராகச் சிரிக்க ஆரம்பித்ததை அவர் பார்த்தார். கேட்பதற்கு அங்கே ஏதோ இருந்தது. அவருக்குக் கேட்கவில்லை. மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்து அவரும் ஒரு நொடி தள்ளிச் சிரித்தார்.

இருபது வயதிலிருந்து தறிச்சத்தத்தில் நின்றவருக்குக் காது எப்போது போனது என்று அவருக்கே தெரியாது. அந்த ஊரில் அது தெரிவதற்கு வழியும் இல்லை. பட்டறைக்குள் யாரும் காதால் பேசிக்கொள்வதில்லை. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. அதில் சென்னியப்பன் ராஜா. நான்கு தறி தாண்டி நின்று ஜவுளி வியாபாரி தன் ஆளிடம் முணுமுணுக்கிற விலையை இங்கிருந்தே படித்துவிட்டுப் பேரத்துக்குப் போவார். தறியில் இழை அறுந்தால் தரையின் அதிர்வு மாறும். அது அவர் உள்ளங்காலுக்குத் தெரிந்துவிடும். சத்தம் இருக்கிறவரைக்கும் ஊரில் எல்லாரும் அவரைப்போலத்தான், அவரும் எல்லாரையும்போலத்தான். சத்தம் நின்றால்தான் அவர் தனியாள்.

கவிதைக்குக் காரணம் ஜெயசீலி டீச்சர். திண்டுக்கல் பக்கத்திலிருந்து மாறுதலாகி வந்தவர். சன்னமான குரல், பெரிய குடை, எதற்கும் பதறாத முகம். முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார்: இந்த வருஷம் பூராவும், தினம் காலையில் கணக்குக்கு முன்னால் ஒரு கவிதை. பொருள் எழுதச் சொல்ல மாட்டேன், மனப்பாடம் பண்ணச் சொல்ல மாட்டேன், பரீட்சையில் கேட்க மாட்டேன்; ஒருவர் படிக்க வேண்டும், மற்றவர் கேட்க வேண்டும், அவ்வளவுதான். முறை வைத்து ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கவிதை கொண்டுவர வேண்டும், எங்கிருந்து வேண்டுமானாலும் கொண்டுவரலாம். பிள்ளைகள் வாரப் பத்திரிகையில் வெட்டிக் கொண்டுவந்தார்கள், கடலை மடித்த காகிதத்தில் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார்கள், கிடைக்காதவர்கள் தாங்களே எழுதிக் கொண்டுவந்தார்கள். பாடத்தை முடிக்கவே நேரம் போதாத பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு காரியத்தைச் செய்ய எத்தனை தைரியம் வேண்டும் என்பது வாத்தியார் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கவிதை படிக்கும்போதெல்லாம் சத்தம் நிற்பதன் காரணத்தைத் தேடுவதில் ஊர் ஒரு வாரத்துக்குமேல் மெனக்கெடவில்லை. லைன்மேன் வந்து கம்பத்தில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். தறி உரிமையாளர் சங்கத்தார் ஒலிபெருக்கி வைத்துச் சினிமாப் பாட்டு போட்டுப் பார்த்தார்கள், தறி அசரவில்லை. கட்சிக்காரர் ஒருவர் பேசிப் பார்த்தார். தறி இன்னும் ஓங்கி ஓடியது. அதிகாரி ஒருவர் பார்வையிட வந்த அன்று தலைமையாசிரியர் பயந்துபோய்ப் பிள்ளைகளை நிற்க வைத்துச் செய்யுளைக் கோரஸாக ஒப்பிக்க வைத்தார், அதற்கும் நிற்கவில்லை. ஐந்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை தனக்குப் பிடித்த கவிதையை மற்றப் பிள்ளைகளுக்காகப் படித்தால் மட்டும், அது முடிகிறவரைக்கும், ஊரில் தறிச்சத்தம் இருப்பதில்லை. இதற்குமேல் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டார்கள்.

ஆனால் கிடைத்த அந்த நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் முதல் கொஞ்ச நாள் ஊர் பட்ட பாடு இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. செம்மேட்டுப்பாளையத்துக்காரர்களுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. பக்கத்தில் நிற்கிறவரிடம் பேசுவதற்கே அடுத்த ஊருக்குக் கேட்கிற மாதிரித்தான் பேசுவார்கள். தறிச்சத்தத்தில் அது சாதாரணப் பேச்சு. சத்தம் நின்ற நேரத்திலும் பழக்க தோஷத்தில் அதே குரலில் பேசினார்கள். மாமியாரின் கஞ்சத்தனத்தை ஒருத்தி பக்கத்து வீட்டுக்காரியின் காதில் ரகசியமாகச் சொல்ல, அது மூன்று தெருவுக்கு அறிவிப்பாகப் போனது. சீட்டுப் பிடிக்கிறவர் யாரை ஏமாற்றப் போகிறார் என்பதை ஏமாறப்போகிறவரே கேட்டுவிட்டார். சங்கத் தலைவர் பல்செட் வைத்திருக்கிற விவரம் அவர் வாயாலேயே வெளியே வந்தது. இரண்டு கல்யாணப் பேச்சு முறிந்தது, ஒன்று புதிதாகக் கூடியது.

பிறகு ஊர் மெல்ல மெல்லக் குரலைத் தாழ்த்தக் கற்றுக்கொண்டது. பிள்ளைகள்தான் வீட்டில் கற்றுக்கொடுத்தார்கள். கற்றுக்கொண்டபின் அந்த நேரம் எல்லாருக்கும் தேவைப்பட ஆரம்பித்தது. கிராமச் செவிலியர் கர்ப்பிணிகளை அந்த நேரத்துக்கு வரச்சொல்லி வயிற்றில் கருவி வைத்துக் குழந்தையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்டார். முன்பெல்லாம் அதற்குப் பெரிய ஊருக்குப் போக வேண்டியிருந்தது. கல்யாணமாகி எத்தனையோ வருஷம் ஆன ஒருவர் தன் மனைவி வேலை செய்யும்போது வாய்க்குள் பாடுவாள் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டு, அவள் பக்கத்தில் போய் வெறுமனே நின்றார். வாய்க்கால் ஓரத்துப் புங்க மரத்தில் குயில் இருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கவிதையையும் கேட்டார்கள். ஆடிக்காற்றில் தகரம் தடதடத்துக் கிடந்த காலத்தில் ஒரு பெண் காற்றின் விலாசத்தை விசாரிக்கிற கவிதையைப் படித்தாள். புரட்டாசியில் ஒருவன் மழையை வா வா என்று கூப்பிட்டபோது பட்டறைக்காரர்கள் ஓட்டைக் கூரையைப் பார்த்துவிட்டு, கவிதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆள் இரக்கமில்லாதவன் என்று பேசிக்கொண்டார்கள். நடராசு கடையில் அன்றைய கவிதையைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாமல் ஒருவரும் டீ குடிப்பதில்லை என்று ஆனது.

சென்னியப்பனும் அங்கேதான் டீ குடித்தார். எல்லாரும் தலையாட்டினால் தலையாட்டினார், சிரித்தால் சிரித்தார். ஆனால் சத்தமில்லாத நேரத்தில் மனிதர்கள் மோசமாகிவிடுகிறார்கள் என்பதை அவர் கண்டுகொண்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினார்கள், குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டே பேசினார்கள், டம்ளரை வாயில் வைத்துக்கொண்டே பேசினார்கள். அத்தனை நாளும் அவருக்குக் கொடுத்திருந்த உதடுகளை அவர்கள் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அவருடைய அப்பாவும் தறிக்காரர்தான். கடைசிக் காலத்தில் சுத்தமாகக் காது கேட்காமல் உட்கார்ந்திருந்தவரைச் சுற்றி வீடே பேசும், அவரிடம் ஒருவரும் பேச மாட்டார்கள், வீட்டுத் தூணுக்குக் கொடுத்த மரியாதைதான் அவருக்கும். அந்த வீட்டில் சென்னியப்பனும் இருந்தார், அவரும்தான் பேசாமல் இருந்தார். செவிடன் என்று ஊர் வாயில் ஒரு தடவை விழுந்துவிட்டால் பிறகு அவ்வளவுதான் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பயத்தில் அவருக்குக் கவிதையின் மேலேயே வெறுப்பு வந்தது.

வெளியே அவர் சொன்ன காரணம் வேறு. சத்தம் கேட்காததால் இழை அறுந்தது தெரியாமல் துணி பாழாகிறது என்றார். அது உண்மையும்கூட. பல பட்டறைகளில் காலை நேரத்துத் துணியில் கோடு விழுந்தது. தீபாவளி ஆர்டர் நெருங்க நெருங்க வியாபாரிகள் முகம் சுளித்தார்கள். இதில் வேடிக்கை, சென்னியப்பன் துணியில் மட்டும் ஒரு குறையும் இல்லை. வியாபாரி ஒருவர் அதை நாலு பேர் முன்னிலையில் பாராட்டி, அண்ணனுக்கு மட்டும் எப்படி இது என்று கேட்டார். சென்னியப்பன் எல்லாம் அனுபவம் என்று சொல்லிவிட்டு அவசரமாக இடத்தைக் காலி செய்தார்.

ஐப்பசி பிறந்ததும் அவர் பக்கத்துப் பட்டறைக் குழந்தைவேலையும் இன்னும் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். டீச்சர் கரும்பலகையில் தேதி எழுதிக்கொண்டிருந்தார்.

“பிள்ளைக படிக்கறத நாங்க வேண்டாங்கலீங்க டீச்சர்,” என்றார் சென்னியப்பன். “ஆனா தீபாவளி வேலை தலைக்கு மேல நிக்குதுங்க. ஆண்டு விழாவுக்குப் படிங்க, போட்டி வந்தாப் படிங்க. எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தானுங்களே.”

டீச்சர் அவர் பக்கம் திரும்பி நின்று பொறுமையாகச் சொன்னார். “ஆண்டு விழாவுக்குப் படிச்சா அது மேடைக்கு ஆகும், பிள்ளைக்கு ஆகாதுங்க. தினமும் படிச்சாத்தான் என்னைக்கோ ஒருநாள், யாரோ ஒருத்தருக்கு அது வேணுங்கிறபோது அங்க இருக்கும். எந்த நாள், யாருக்குன்னு எனக்கே தெரியாது. அதனாலதான் ஒருநாளும் விட முடியல.”

இவ்வளவும் அவர் உதட்டிலிருந்து சென்னியப்பன் படித்தார். அதற்குப் பிறகு டீச்சர் பலகைப் பக்கம் திரும்பி, விட்ட எழுத்தை எழுதிக்கொண்டே இன்னும் ஏதோ சொன்னார். அந்த நேரம் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன என்றாலும் டீச்சர் இந்த ஊருக்கு வந்தபின் குரலை உயர்த்தவும் கற்றிருந்தார்; பின்னால் நின்ற மற்றவர்களுக்குக் கேட்டது. சென்னியப்பன் வழக்கம்போல, “ஆமாங்க, ஆமாங்க,” என்றார். டீச்சர் சாக்பீஸைப் பிடித்தபடி திரும்பி அவரை ஒரு கணம் பார்த்தார்.

வெளியே வந்தபின் குழந்தைவேலு சொல்லித்தான் எதற்கு ஆமாம் போட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர்களே முடிவு செய்யட்டும். அதற்கு முந்தின நாள் உங்கள் மகள் பிரகதியின் முறை வருகிறது, அவள் கவிதையை நீங்கள் எல்லாரும் கேட்டுவிட்டு அதற்குப் பிறகு முடிவெடுங்கள் என்று டீச்சர் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டுத்தான் பேசுவேன் என்று ஊருக்கு முன்னால் சென்னியப்பன் வாக்குக் கொடுத்துவிட்டார்.

பிரகதி அவருடைய ஒரே மகள். அந்த ஊருக்குப் பொருந்தாத சின்னக் குரல் அவளுக்கு. கூப்பாடு போடத் தெரியாததால் கடையில் எப்போதும் கடைசியாகத்தான் அவளுக்குச் சாமான் கிடைக்கும், விளையாட்டில் அவுட் இல்லை என்று அவள் சொன்னால் யாருக்கும் எட்டாது. வீட்டில் மட்டும் வாய் ஓயாது. அதுவும் அப்பாவிடம்தான் அதிகம். அவள் கவிதை எழுதியிருக்கிறாளாம், யாருக்கும் காட்டவில்லையாம் என்று மனைவி ருக்குமணி அவரிடம் சொன்னாள். சென்னியப்பன் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை காலை ஊரே பள்ளிக்கூடத்துச் சுவரோரம் வந்து நின்றது. தீர்ப்புக்கு முன் கேட்டாக வேண்டிய கவிதை என்பதால் வழக்கத்தைவிடக் கூட்டம். உள்ளே போய் வகுப்பு வாசலில் நின்றால் மகளின் உதட்டைப் பார்க்கலாம் என்று சென்னியப்பனுக்குத் தோன்றியது. ஆனால் தெருக்கோடிக்கே கேட்கிற கவிதையைக் கேட்பதற்கு இவர் மட்டும் எதற்கு உள்ளே போகிறார் என்று நாலு பேர் யோசிப்பார்கள். அதனால் எல்லாரையும்போல வெளியிலேயே, கைகளைக் கட்டிக்கொண்டு, தலையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

சத்தம் அடங்கியது. அவருக்குக் கிணற்றுக்குள் இறக்கிவிட்ட மாதிரி இருந்தது. அவர் மற்றவர்களின் முகங்களைப் படித்தார், அவருக்குக் கைவந்த ஒரே கவிதை அதுதான். முதலில் எல்லாரும் காதைக் கூர்மையாக்கினார்கள், குரல் அத்தனை சின்னது என்று தெரிந்தது. பிறகு நடராசு சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தார். குழந்தைவேலு பார்த்தார். செவிலியர் பார்த்தார். ஒருவர் விடாமல் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். ருக்குமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என்ன கவிதை, சந்தோஷமா துக்கமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. எல்லாரும் பார்க்கிறார்களே என்று பெருமையாகச் சிரித்து, தலையை ஆட்டி, கையும் தட்டிவிட்டு, “நெம்ப நல்லாப் படிச்சா,” என்றார். கவிதை இன்னும் முடிந்திருக்கவில்லை என்பது அவருக்குத் தெரியாது.

மத்தியானம் பிரகதி சாப்பாட்டு நேரத்துக்கு ஓடி வந்தாள். அவர் பட்டறையில் பாவு நூலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவள் சுற்றிக்கொண்டு வந்து அவருக்கு எதிரில் நின்று, நிமிர்ந்து பார்த்து, “அப்பா, கேட்டுச்சுங்களா?” என்றாள்.

“கேட்டுச்சு கண்ணு. நல்லாருந்துச்சு.”

அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சாப்பிடப் போய்விட்டாள்.

அன்று பிற்பகலிலிருந்து ஊர் விசித்திரமாக நடந்துகொண்டது. எப்போதும் பின்னாலிருந்து பஞ்சை உருட்டி எறிந்து கூப்பிடுகிற குழந்தைவேலு, இரண்டு தறிக்கு நடுவே இடித்துப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்று பேசினார். நடராசு டம்ளரை வைத்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, அவர் முகத்துக்கு நேராக இன்னொரு டீ வேண்டுமா என்று கேட்டார். தெருவில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி, இறங்கி, திரும்பி நின்று, எங்கேங்க கிளம்பிட்டீங்க என்றார்கள். மரியாதை கூடியிருக்கிறது என்று ஒரு பக்கம் நினைத்தார், இன்னொரு பக்கம் ஏதோ சரியில்லை என்றும் தோன்றியது. பாப்பா என்ன படித்தாள் என்று ஒருவரிடமும் கேட்க வழியில்லை, மனைவியிடம்கூட. கேட்டுவிட்டேன் என்றுதான் எல்லாரிடமும் சொல்லியாயிற்றே.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஐந்தாம் வகுப்பிலேயே கூட்டம் நடந்தது. வெளியே தறிகள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. சென்னியப்பன் உள்ளே நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கூட்டம் என்றால் எல்லாரும் டீச்சரைப் பார்த்து வரிசையாக உட்காருவதுதான் முறை. இங்கே பெஞ்சுகளை வட்டமாகப் போட்டு, அவருக்கென்று ஓர் இடம் விட்டு வைத்திருந்தார்கள். அங்கே உட்கார்ந்தால் ஒரு முகம் பாக்கியில்லாமல் எல்லா முகமும் தெரியும். வெளிச்சம் படாத மூலையில் யாரும் உட்காரவில்லை. பேச நினைத்தவர்கள் கையைத் தூக்கி, அவர் திரும்புகிறவரை காத்திருந்து, பிறகு பேசினார்கள். கவிதை வேண்டாம் என்று பேசியவர்களும் அப்படித்தான் பேசினார்கள்.

அவருக்கு விளங்கிவிட்டது. ரத்தம் தலைக்கு ஏறியது. அவர் முறை வந்தபோது எழுந்து, துணியைப் பற்றியும் ஆர்டரைப் பற்றியும் பேச வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டு, “எனக்குக் காது கேக்காதுன்னு உங்களுக்கு யாரு சொன்னது?” என்றார்.

குழந்தைவேலு கையைத் தூக்கினார்.

“பாப்பாதானுங்க. நேத்து. ஆனா நீங்க நெனைக்கற மாதிரி சொல்லலீங்க.”

சென்னியப்பன் உட்கார்ந்துவிட்டார். அவமானம்தான் முதலில் வந்தது, அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. பெற்ற மகளே ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்கிறாள். பிறகு, நேற்று அவள் எதிரில் வந்து நின்று கேட்டதும், இவர் சொன்ன பதிலும், அதற்குப் பின் அவள் பார்த்த பார்வையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. என்ன சொன்னாள் என்று டீச்சரிடம் கேட்டார். அதை அவள்தான் சொல்ல வேண்டும், நான் சொன்னால் அது கவிதையாக இருக்காது என்றார் டீச்சர்.

பிள்ளைகள் வராந்தாவில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மகளைக் கையசைத்துக் கூப்பிட்டார். அவள் தயங்கித் தயங்கி வந்து, பெஞ்சுகளுக்கு நடுவே நுழைந்து, எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு அவருக்கு நேர் எதிரில் நின்றாள்.

“அப்பா நேத்துப் பொய் சொல்லிட்டேன், கண்ணு,” என்றார். “எனக்கு ஒண்ணுமே கேக்கல. இப்பச் சொல்றியா?”

பிரகதி தலையசைத்தாள். அவள் பள்ளிக்கூடத்துக் குரலில் சொல்லவில்லை, ஊர்க் குரலில் கத்தவும் இல்லை. பட்டறைக்குள் இத்தனை வருஷமும் அப்பாவிடம் எப்படிப் பேசினாளோ அப்படி, குரலே கொடுக்காமல், உதட்டை மட்டும் அசைத்து, நிறுத்தி நிறுத்திச் சொல்ல ஆரம்பித்தாள். ஆரம்பித்த அதே கணத்தில் செம்மேட்டுப்பாளையத்துத் தறிகள் அத்தனையும் ஓசை இழந்தன. மத்தியான வேளையில் சத்தம் நின்றதில்லை என்பதால் தெருவில் போனவர்கள் அங்கங்கே நின்றார்கள், பட்டறைகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள், பெண்கள் அழுகிற குழந்தைகளைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே பள்ளிக்கூடத்துப் பக்கம் காதைக் கொடுத்தார்கள். கேட்பதற்கு ஒன்றும் இல்லை. ஊர் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, அந்தக் கவிதை ஒரே ஒரு மனிதருக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

எங்கப்பாவுக்குக் கண்ணுலதான் காது.
அவருகிட்ட ஒண்ணு சொல்லணும்னா
நான் ஓடிப்போய் முன்னால நிப்பேன்.
மத்தவங்கல்லாம் அவங்கவங்க அப்பாவை
முதுகுப் பக்கமிருந்தும் கூப்பிடுவாங்க.
நான் முகத்தைப் பார்த்தே கூப்பிட்டுப் பழகிட்டேன்.
அதனால எங்கப்பாகிட்ட
ஒரு பொய்கூடச் சொல்ல வந்ததில்லை.

உதடுகள் நின்றன. அவர் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் நிறைந்து மகளின் முகம் கலங்கியது. கலங்கினால் கேட்காது என்பதால் தோள் துண்டால் அவசர அவசரமாகத் துடைத்துக்கொண்டார். தறிகள் இன்னும் சத்தத்துக்குத் திரும்பியிருக்கவில்லை, மகளின் உதட்டிலேயே இருந்த அவர் அதைக் கவனிக்கவில்லை, அவரிடம் சொல்ல யாருக்கும் மனமும் வரவில்லை. அவர் இரண்டு கைகளாலும் அவள் முகத்தைத் தாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பி, ரகசியம்போலச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, ஊரின் கடைசி வீடுவரைக்கும் கேட்கும்படி சொன்னார்:

“இன்னொருக்காச் சொல்லு, கண்ணு.”